நாலரை மணி நேர ஈ.ஆர். (அவசர சிகிச்சைப் பிரிவு), மூன்று பில்: 2010 சட்டம் இதில் எங்கே இருக்கிறது?

ப்ளேனோவாசி:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரியில் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு என் மனைவிக்கு வலது விலாவுக்குக் கீழே தாங்க முடியாத வலி. எழுந்து நிற்கவே முடியவில்லை. 911 கூப்பிட்டேன். ஆம்புலன்ஸில் அவளை ஏற்றிவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் இருவரையும் போர்வையோடு காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். அல்ட்ராசவுண்ட், சி.டி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, சலைன், வலிக்கு ஊசி. பித்தப்பையில் கல், இன்றைக்கே ஆபரேஷன் தேவையில்லை என்று சொல்லி காலை ஆறரைக்கு அனுப்பிவிட்டார்கள். கவனித்துக்கொண்ட நர்ஸைக் குறை சொல்லவே முடியாது. பிள்ளைகளுக்கு ஜூஸ் கூட வாங்கிக் கொடுத்தார்.

அப்புறம் பில் வர ஆரம்பித்தது. மருத்துவமனை போட்ட தொகை 11,260 டாலர். இன்சூரன்ஸ் ஒப்பந்தப்படி அது 4,700 ஆனது. எங்கள் டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்க ஆரம்பிக்கும் முன் வருடா வருடம் நாங்களே கட்ட வேண்டியது) 3,500, மிச்சமிருக்கும் 1,200இல் எங்கள் பங்கு 20 சதவீதம். ஆக நாங்கள் கட்ட வேண்டியது 3,740, இன்சூரன்ஸ் கட்டியது 960. இந்த இன்சூரன்ஸுக்காக என் சம்பளத்தில் மாதம் 540 டாலர் பிடிக்கிறார்கள்.

இரண்டாவது பில் ஈ.ஆரில் பார்த்த டாக்டருடையது. மருத்துவமனை நெட்வொர்க்கில் (இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் போட்டவர்கள் பட்டியலில்) இருக்கிறதாம், டாக்டர் இல்லையாம். 1,185 டாலர். மூன்றாவது ஆம்புலன்ஸ். இன்சூரன்ஸ் கொடுத்தது போக 1,040.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது அப்பாக்கள் நாங்கள் பேசுவது இதைத்தான். ஒருவர், கனடா மாதிரி அரசே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். இன்னொருவர், ஒபாமா 2010இல் போட்ட மருத்துவ இன்சூரன்ஸ் சட்டம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்கிறார். நான் அமெரிக்காவுக்கு வந்ததே 2016இல். அதற்கு முன் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அந்தச் சட்டம் என்னதான் செய்தது? இந்த மூன்று பில்லில் அது எங்கே இருக்கிறது? இவற்றை நான் அப்படியே கட்டிவிட வேண்டியதுதானா?

சொந்தத்தொழில்:

உங்களுக்காவது கம்பெனி பாதிக்கு மேல் கட்டுகிறது. நானும் மனைவியும் சின்னதாக ஒரு லாரி டிஸ்பாட்ச் தொழில் நடத்துகிறோம், இருவருக்கும் 57 வயது. சந்தையில் நாமே போய் வாங்கும் இன்சூரன்ஸ்தான். 2021இல் கொடுத்த கூடுதல் மானியத்தால் எங்கள் பிரீமியம் மாதம் 640இல் நின்றது. அந்த மானியம் 2025 டிசம்பரோடு முடிந்தது. வருமானம் வறுமைக்கோட்டின் நான்கு மடங்கைத் தாண்டினால் ஒரு டாலர் கூடக் கிடையாது. நாங்கள் கொஞ்சம்தான் தாண்டினோம். ஜனவரியில் வந்த கடிதத்தில் மாதம் 1,910 என்று இருந்தது. கடிதத்தைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு இருவரும் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அரசு மானியம் கொடுக்கக் கொடுக்க, கேட்கிற விலை ஏறிக்கொண்டேதான் போகும். அரசு ஒதுங்கி நிற்கட்டும், மருத்துவமனைகள் விலையைப் பலகையில் எழுதிப் போடட்டும். போட்டி வந்தால் விலை இறங்கும். இது என் கருத்து, யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை.

பில்லிங்_மேசை:

தம்பி, நான் ஹூஸ்டன் பக்கம் ஒரு மருத்துவமனையில் 2008 முதல் பில்லிங் பிரிவில் வேலை செய்கிறேன். முதலில் உங்கள் பில்களைப் பார்ப்போம், அரசியல் அப்புறம்.

டாக்டர் பில்லைக் கட்டாதீர்கள். ‘நோ சர்ப்ரைசஸ் ஆக்ட்’ என்று ஒரு சட்டம் 2020 டிசம்பரில் நிறைவேறி, 2022 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. அவசர சிகிச்சைக்கு வந்தவரிடம், டாக்டர் நெட்வொர்க்கில் இல்லை என்று காரணம் காட்டிக் கூடுதல் பணம் கேட்கக் கூடாது. நெட்வொர்க்கில் இருந்திருந்தால் உங்கள் பங்கு என்னவோ அவ்வளவுதான். மீதியை டாக்டர் குழுவும் இன்சூரன்ஸும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும். இன்சூரன்ஸுக்கு போன் செய்து, சட்டத்தின் பெயரைச் சொல்லி, க்ளெய்மைத் திரும்பப் பரிசீலிக்கச் சொல்லுங்கள். பேசியவர் பெயர், தேதி, அவர் தரும் குறிப்பு எண் மூன்றையும் எழுதி வையுங்கள்.

ஆம்புலன்ஸ் விஷயத்தில் இந்தச் சட்டம் கைவிட்டுவிட்டது. ஹெலிகாப்டரில் கொண்டுபோனால் பாதுகாப்பு உண்டு, சாலையில் கொண்டுபோனால் கிடையாது. எனக்கு இன்றுவரை இது ஆறவில்லை. மயங்கிக் கிடப்பவர் எந்த வண்டியைத் தேர்ந்தெடுப்பார்? சில மாநிலங்கள் சொந்தமாகச் சட்டம் போட்டிருக்கின்றன. ஆனால் உங்கள் கம்பெனி இன்சூரன்ஸை வாங்காமல் தன் பணத்திலேயே க்ளெய்ம் கட்டுகிற ரகமாக இருந்தால், 1974ஆம் வருடத்து மத்தியச் சட்டத்தால் மாநிலச் சட்டம் உங்களை எட்டாது. பெரிய கம்பெனிகளில் அநேகமாக அப்படித்தான். எந்த ரகம் என்று எச்.ஆரில் கேளுங்கள்.

மருத்துவமனை பில்லுக்கு வரிவரியான விவரப் பட்டியல் கேளுங்கள். அதில் ஈ.ஆர். வருகைக்கு 99281 முதல் 99285 வரை ஏதாவது ஒரு எண் இருக்கும். எண் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். ஸ்கேன் ஒன்று எடுத்து இரண்டு முறை ஏறியிருக்கிறதா, கொடுக்காத மருந்து ஏதாவது இருக்கிறதா என்று மனைவியை உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டுப் பாருங்கள். இன்சூரன்ஸ் அனுப்பும் ‘இது பில் அல்ல’ என்று அச்சிட்ட தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். லாப நோக்கமில்லாத மருத்துவமனை என்றால் கட்ட முடியாதவர்களுக்கு உதவித் திட்டம் வைத்திருப்பது அவர்கள் கடமை. முதல் பில் வந்ததிலிருந்து 240 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம். இதுவும் 2010 சட்டத்தில் வந்ததுதான், பலருக்குத் தெரியாது.

சரி, அந்தச் சட்டம் என்ன செய்தது? நான் பார்த்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னிடம் வந்த கணக்குகளில் ஒன்று பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒரு பெண்மணியுடையது. கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் செய்தவர். பழைய நோய் என்று காரணம் சொல்லி எந்தக் கம்பெனியும் அவருக்கு இன்சூரன்ஸ் தரவில்லை. கடன் 14,000 டாலர். மாதா மாதம் 25 டாலருக்கு மணி ஆர்டர் அனுப்புவார். உறையின் மூலையில் கணக்கு எண்ணைப் பென்சிலால் எழுதியிருப்பார், தப்பாகிவிட்டால் அழித்து எழுதிய தடம் தெரியும். மாதம் 25 என்றால் அடைத்து முடிக்க 46 வருடத்துக்கு மேல் ஆகும். அவருக்கு அப்போதே ஐம்பது தாண்டியிருந்தது.

2010 மார்ச் 23இல் கையெழுத்தான சட்டம், பழைய நோயைக் காட்டி மறுப்பதை 2014 ஜனவரியிலிருந்து நிறுத்தியது. அந்த வசந்தத்தில் அவருடைய இன்சூரன்ஸ் கார்டின் நகல் எங்கள் பிரிவுக்கு வந்தது. நான் எழுந்து போய்ப் பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினேன். அதனால்தான் ‘எல்லாவற்றையும் கெடுத்தது’ என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

ஆனால் அந்தச் சட்டம் கார்டு கொடுத்ததே தவிர, விலையில் கை வைக்கவில்லை. டிடக்டிபிள் 3,500 இருக்கலாம் என்பதையும் அது தடுக்கவில்லை. ஒரு வருடத்தில் ஒரு ஆளின் கையிலிருந்து போகும் தொகைக்கு உச்சவரம்பு வைத்தது, அது 2025இல் 9,200 டாலர். சேமிப்பு இல்லாதவருக்கு அந்த வரம்பே ஒரு மலை. அதோடு நம் டெக்சஸ், ஏழைகளுக்கான மெடிக்கெய்டை விரிவுபடுத்த மறுத்த பத்து மாநிலங்களில் ஒன்று. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கிற, பிள்ளைகள் இல்லாத ஒருவருக்கு இங்கே மெடிக்கெய்டும் இல்லை, மானியமும் இல்லை. அவர்கள் இன்னும் என் மேசைக்கு வருகிறார்கள்.

சொந்தத்தொழில் அண்ணா, உங்கள் 1,910 எனக்கும் வலிக்கிறது. வரம்பை ஒரு டாலர் தாண்டினால் மொத்தமும் போய்விடும் என்று வைப்பது அநியாயம். ஆனால் பலகையில் விலை எழுதும் விதி 2021 ஜனவரி 1 முதலே இருக்கிறது. மருத்துவமனைகள் இணையத்தில் போடுகிறார்கள், திறந்து பாருங்கள், முடிவில்லாத வரிசைகள். அதே சிகிச்சைக்கு இன்சூரன்ஸுக்கு இன்சூரன்ஸ் வேறு விலை. இரவு இரண்டு மணிக்கு மனைவி சுருண்டு கிடக்கும்போது எந்தப் பலகையைப் படிப்பது?

தனியார் இன்சூரன்ஸ் மருத்துவமனைகளுக்குக் கொடுப்பது, சராசரியாக, அதே வேலைக்கு முதியோருக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேர் கொடுப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதே ஸ்கேன் மெஷின், அதே டெக்னீஷியன். மேரிலாந்தில் 1970களிலிருந்தே ஒரு மாநில ஆணையம் மருத்துவமனைக் கட்டணத்தை நிர்ணயிக்கிறது, யார் கட்டினாலும் அநேகமாக ஒரே விலை. அங்கேயும் மருத்துவமனைகள் திறந்துதான் இருக்கின்றன. ‘அரசு வேண்டுமா, வேண்டாமா’ என்று சண்டை போடுகிற நேரத்தில், ‘இந்த ஸ்கேனுக்கு ஏன் இந்த விலை’ என்று இரண்டு கட்சியிடமும் கேட்டால் தேவலை. 2022இல் வந்த இன்னொரு சட்டத்தால் மெடிகேர் முதல்முறையாகச் சில மருந்துகளுக்கு விலை பேச ஆரம்பித்திருக்கிறது. பத்து மருந்துகளின் பேசி முடித்த விலை 2026இல் அமலுக்கு வந்தது. சின்ன அடிதான், ஆனால் சரியான திசையில் வைத்த அடி.

ஆஸ்டின்_அம்மா:

என் மகனுக்கு ஏழு வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை. என் கணவர் வேலை மாறும்போதெல்லாம் புது இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ளுமா என்று முன்பு இருந்த பயம் இப்போது இல்லை. 26 வயது வரை மகன் எங்கள் பாலிசியில் இருப்பான். ஆனால் இன்சுலினுக்கு மாதம் 35 டாலர் என்று 2023இல் வந்த வரம்பு மெடிகேரில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். அதைப் பிள்ளைகளுக்கும் சேர்க்கச் சொல்லி எங்கள் தொகுதி பிரதிநிதி அலுவலகத்துக்கு வருடா வருடம் கடிதம் போடுகிறேன். நீங்களும் ஆம்புலன்ஸ் பற்றி ஒரு கடிதம் போடுங்கள்.

ப்ளேனோவாசி:

பில்லிங்_மேசை அக்கா, மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

டாக்டர் பில்: இரண்டு முறை போன் செய்தேன். முதல் ஆள் ‘கட்டித்தான் ஆக வேண்டும்’ என்றார். இரண்டாவது ஆளிடம் சட்டத்தின் பெயரைச் சொன்னேன், மேலாளரிடம் மாற்றினார். 1,185 இப்போது 62 டாலர்.

மருத்துவமனைப் பட்டியல் மூன்று பக்கம் வந்தது. வருகை 99285, அதைக் குறைக்க மறுத்துவிட்டார்கள். ஆனால் வலி ஊசி இரண்டு என்று இருந்தது, மனைவி ஒன்றுதான் என்று உறுதியாகச் சொன்னாள். அதை நீக்கினார்கள், சின்னத் தொகைதான். வருமானம் அதிகம் என்று உதவித் திட்டம் கிடைக்கவில்லை. வட்டி இல்லாமல் 24 மாதத் தவணை கொடுத்தார்கள். ஆம்புலன்ஸில் ஒரு டாலர் கூடக் குறையவில்லை, எங்கள் கம்பெனி தன் பணத்திலேயே கட்டுகிற ரகம்தான். கடிதம் எழுதிவிட்டேன்.

இன்னொரு கேள்வி. பித்தப்பையை எடுத்துவிடுவதுதான் நல்லது என்று சர்ஜன் சொல்கிறார். ஊரிலிருந்து அம்மா ஜனவரியில் வருகிறார், அப்போது வைத்துக்கொண்டால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். தள்ளிப் போடலாமா?

பில்லிங்_மேசை:

எத்தனை நாள் தாங்கும் என்பதை முதலில் சர்ஜனிடம் கேளுங்கள், அது என் வேலை இல்லை. காசுக் கணக்கு மட்டும் சொல்கிறேன். உங்கள் பிளான் ஜனவரியில் புதுப்பிப்பதாக இருந்தால், இந்த வருடம் கட்டிய டிடக்டிபிள் டிசம்பர் 31 நள்ளிரவோடு காலாவதி. ஜனவரி ஆபரேஷன் என்றால் திரும்ப முதல் டாலரிலிருந்து 3,500 வரை கட்ட வேண்டும். அம்மாவுக்கு டிக்கெட் தேதியை மாற்ற 300, 400 ஆனாலும் மாற்றிவிடுங்கள்.

தேதி குறிக்கும்போது மருத்துவமனையும் சர்ஜனும் நெட்வொர்க்கில் இருக்கிறார்களா என்று இன்சூரன்ஸிடம் எழுத்தில் வாங்குங்கள், முன் அனுமதி எண்ணையும் கேளுங்கள். மயக்க டாக்டர் யார் என்பது அன்று காலைதான் தெரியும், அவர் நெட்வொர்க்கில் இல்லாவிட்டாலும் அந்த ‘நோ சர்ப்ரைசஸ் ஆக்ட்’ உங்களுக்குக் காவல். காலையில் கையெழுத்துக்கு நீட்டும் தாள்களில், நெட்வொர்க்கில் இல்லாதவருக்கு முழுக் கட்டணம் கட்டச் சம்மதம் என்று ஒன்று இருந்தால் போடாதீர்கள். மனைவியிடமும் முந்தைய நாளே சொல்லி வையுங்கள், பேனாவை அவர் கையில்தான் கொடுப்பார்கள்.