‘செர்னோபில்’ தொடரின் இசை ஆல்பம்: அது நிஜ டர்பைன் ஹால் சத்தமா?

இரவுப்பணி:
அனல் மின் நிலையத்தில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். 1986 செர்னோபில் அணு உலை விபத்தைப் பற்றி 2019இல் வந்த ‘செர்னோபில்’ தொடரை இப்போதுதான் பார்த்து முடித்தேன். ஐந்தே எபிசோடு. அதன் பிறகும் அந்த இசை என்னை விடவில்லை. ஆல்பத்தைத் தேடிப் பிடித்து, நைட் ஷிஃப்ட் முடிந்து திரும்பும் பஸ்ஸில் தினமும் கேட்கிறேன். ஹில்டுர் குட்னாடோட்டிர் என்ற ஐஸ்லாந்துப் பெண் இசையமைத்தது, மொத்தம் 13 டிராக்.

முணுமுணுக்க ஒரு மெட்டு கிடையாது. ஆனால் ‘டர்பைன் ஹால்’ என்ற டிராக் ஓடும்போது எனக்கு எங்கள் ஹால் வாசனையே வந்துவிடுகிறது. அதுவும் ஓடுகிற ஹால் இல்லை. எங்கள் டர்பைன் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும். பக்கத்தில் நிற்பவர் காதருகே போய்க் கத்தினால்தான் பேச்சு கேட்கும். டிராக்கில் இருப்பது, ஓவர்ஹாலுக்காக, அதாவது பெரிய பராமரிப்பு வேலைக்காக, யூனிட்டை நிறுத்திய முதல் ராத்திரியின் சத்தம். எங்கோ ஒரு பம்ப் ஓடும். யாரோ ஸ்பேனரைக் கீழே போட்டால் அந்த ஒலி கூரை வரை போய் மெதுவாகத் திரும்பி வரும். அங்கே நின்றவர்களுக்கு மட்டும்தான் அது தெரியும் என்று நினைத்திருந்தேன். கீபோர்டில் இதைச் செய்ய முடியுமா? இல்லை, நிஜமான நிலையம் ஒன்றுக்குள் போய்ப் பதிவு செய்தார்களா?

ஒலிக்கூடம்:
உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது சார். லிதுவேனியாவில் உள்ள இக்னாலினா அணுமின் நிலையத்தில் பதிவு செய்தது அது. செர்னோபிலில் இருந்த அதே ஆர்பிஎம்கே வகை உலை. கடைசி யூனிட்டை 2009 முடிவில் மூடிவிட்டார்கள். தொடரின் சில காட்சிகளையும் அங்கேதான் எடுத்தார்கள். ஹில்டுரும் ஒலிப்பதிவாளர் கிறிஸ் வாட்சனும் பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். டர்பைன் நின்று பத்து வருடம் ஆகப்போகிற ஹால். நீங்கள் கேட்ட ஓவர்ஹால் அமைதி அதுதான்.

ஹில்டுர் செல்லோ வாசிப்பவர். இதில் அந்தப் பக்கமே போகாமல், நிலையத்தின் சத்தங்களையும் தன் குரலையும் வைத்தே இசையைக் கட்டினார். அப்புறம் இன்னொரு வேலையும் செய்தார்கள். ஒரு பெரிய அறையில் பலூனை உடைத்தால் அந்த ஒலி எப்படிப் பரவி எப்படித் தேய்கிறது என்று பதிவு செய்யலாம். அதை இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்போம். பிறகு எங்கோ ஸ்டுடியோவில் பாடிய குரலையும் அந்த அறைக்குள் பாடியதுபோல மாற்றிவிடலாம். டப்பிங்கில் நாங்கள் தினமும் செய்கிற வேலைதான். ஆனால் ஓர் அணு உலைக் கட்டடத்தையே இப்படிப் பதிவு செய்து பயன்படுத்தியதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. அந்த இசைக்கு எம்மி, கிராமி இரண்டும் கிடைத்தன.

தனிராகம்:
எனக்குத் தொடரோடு சேர்த்துக் கேட்டால்தான் இது பிடிக்கிறது. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ ஆறாவது சீசனின் கடைசி எபிசோடுக்கு ரமின் ஜவாடி போட்ட ‘லைட் ஆஃப் த செவன்’ கேளுங்கள். அந்தத் தொடரில் அதுவரை வராத பியானோ, முதல் தடவையாக அங்கே வரும். படம் இல்லாமலே தனியாக நிற்கும். ‘செர்னோபில்’ ஆல்பத்தில் அப்படி நிற்பது ‘விச்னயா பாம்யத்’ ஒன்றுதான். இறந்தவர்களுக்காகத் தேவாலயத்தில் பாடும் பாட்டு, கோரஸாக வரும்.

இரவுப்பணி:
ஒலிக்கூடம், ரொம்ப நன்றி. தனிராகம், ‘லைட் ஆஃப் த செவன்’ கேட்டேன், அருமை. ஆனாலும் நீங்கள் சொன்னதை ஏற்க மாட்டேன். உங்களுக்குப் படம் தேவைப்படுகிற இடத்தில் எனக்கு ஹால் இருக்கிறது. நேற்று முதல் டிராக்கான ‘த டோர்’ஐ மறுபடி கேட்டேன். எங்கள் பேட்டரி ரூம் இரும்புக் கதவு திறக்கும்போது இப்படித்தான் அடிவயிற்றிலிருந்து முனகும். 14 வருடத்தில் ஒரு நாள்கூட நின்று கேட்டதில்லை. அடுத்த மாதம் எங்கள் யூனிட் ஓவர்ஹாலுக்கு நிற்கிறது. முதல் ராத்திரி ஷிஃப்டை எனக்குத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன்.