புதுப்பிப்பு: டிரிம் டேப் இறங்கியது, ஏறவில்லை. இப்போது சரி

திருகோணமலை கொட்பேயில் கட்டியிருக்கும் என் பைபர் படகின் டிரிம் டேப் (படகின் சாய்வைச் சரிசெய்யப் பின்புறம் இருக்கும், மோட்டாரால் ஏறி இறங்கும் தகடு) இறங்கும், ஆனால் ஏறாது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மோட்டாரை மாற்றத் தேவைப்படவில்லை. “சுவிட்சை அமர்த்திப் பிடித்தபடி மோட்டார் முனையில் வோல்ட் பாருங்கோ தம்பி” என்று ஒரு அண்ணா சொன்னதுதான் வழிகாட்டியது. இறங்கும்போது 12.1 வோல்ட், ஏறும்போது 6.8 மட்டுமே. அதாவது கோளாறு மோட்டாரில் இல்லை, அதற்கு மின்சாரம் வரும் வழியில்.

மோட்டார் சுழலும் திசையை மாற்றும் ஆறு முனைச் சுவிட்சில் குறுக்காகப் போகும் இரண்டு துண்டு வயர்களும் என் படகில் ஏறும் திசைக்கு மட்டுமே வேலை செய்பவை. வெளியே புதிது போலத்தான் இருந்தன. ஒன்றின் உறையைச் சீவினால் செம்பு பச்சைத் தூளாகக் கொட்டியது. உப்புக் காற்று! வெள்ளீயம் பூசிய வயர் போட்டு, சூடாக்கினால் இறுகும் குழாயால் மூடினேன்.

எதிர்பாராதது: பற்றரிப் பக்கம் பியூஸே இல்லை. மோட்டார் கையேட்டில் சொன்ன அளவில் ஒன்று போட்டுவிட்டேன். உங்கள் படகிலும் கட்டாயம் பாருங்கள்.