கார்பன் மோனாக்சைடு: இரட்டைப் பிணைப்பா, முப்பிணைப்பா?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்)
வீட்டில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். கார்பன் மோனாக்சைடுக்கு லூயிஸ் அமைப்பு (அணுக்களின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைக் காட்டும் படம்) வரையச் சொன்னால் இரண்டு விதமாக வந்தது. ஒரு பையன் போட்டது இரட்டைப் பிணைப்பு. கார்பனில் ஒரு தனித்த இரட்டை (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடி), ஆக்சிஜனில் இரண்டு. மொத்தம் 10 வெளிக்கூட்டு எலக்ட்ரான் (கார்பனின் 4, ஆக்சிஜனின் 6), கணக்கு சரி. முறைசார் மின்சுமையும் (படத்தில் ஒவ்வொரு அணுவுக்கும் கணக்கிட்டுப் போடும் மின்சுமை) இரண்டுக்கும் பூஜ்ஜியம். ஆனால் கார்பனைச் சுற்றி 6தான். ஒரு பெண் முப்பிணைப்பு போட்டாள். இரண்டுக்கும் 8 வருகிறது, ஆனால் கார்பனுக்கு −1, ஆக்சிஜனுக்கு +1. "மின்சுமை குறைவானதுதானே நல்லது, ஆக்சிஜனுக்குப் போய் பிளஸ்ஸா?" என்கிறான் பையன். என்ன சொல்வது?

பதில் (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)
அந்தப் பெண் வரைந்ததுதான் சரி அம்மா. பையனின் கேள்வியும் நல்ல கேள்வி, விட்டுவிடாதீர்கள். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் என்று வந்தால் முதலில் எண்ம விதி, அதாவது ஒவ்வொரு அணுவைச் சுற்றியும் 8 எலக்ட்ரான். அது நிறைவேறிய அமைப்புகள் இரண்டு மூன்று இருந்தால்தான், அவற்றுக்குள் தேர்ந்தெடுக்க முறைசார் மின்சுமையைப் பார்க்க வேண்டும். வரிசை மாறினால் இப்படித்தான் குழம்பும்.

அளவும் இதையே காட்டுகிறது. ஃபார்மால்டிஹைடில் இருக்கும் கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பின் நீளம் சுமார் 121 பிக்கோமீட்டர். கார்பன் மோனாக்சைடில் 113தான். பிணைப்புகள் கூடக் கூட நீளம் குறையும், அதனால் இது இரட்டையைவிட முப்பிணைப்புக்கே பொருந்துகிறது.

கேட்டவர்
நன்றி சார். அப்போ ஆக்சிஜன் உண்மையிலேயே நேர் மின்சுமையோடு இருக்கிறதா?

பதில் (முத்தியால்பேட்டை)
முழு +1 கிடையாது. முறைசார் மின்சுமை, பிணைப்பு எலக்ட்ரான்களைப் பாதிப் பாதியாகப் பிரித்துப் போடும் கணக்கு. ஆக்சிஜனுக்கு 6-இல் தனித்தவை 2, பிணைப்பில் பாதி 3 போக மீதி +1. உண்மையில் ஆக்சிஜன் அந்த மூன்று இரட்டைகளையும் தன் பக்கம் இழுக்கிறது. கணக்கில் வந்த +1-உம் இந்த இழுப்பும் கிட்டத்தட்ட ஈடாகிவிடுவதால் இருமுனைத் திருப்புத்திறன் (மூலக்கூறின் இரு முனைகளுக்கிடையே மின்சுமை எவ்வளவு பிரிந்திருக்கிறது என்ற அளவு) மிகக் குறைவு, சுமார் 0.11 டிபை (அதன் அலகு). அதிலும் எதிர் மின்சுமை உள்ள முனை கார்பன் பக்கம்தான்! இதைக் கட்டாயம் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

பதில் (நெல்லிக்குப்பம்)
சார் சொன்னதோடு ஒன்று. இந்த வாயு ரத்தத்தில் ஹீமோகுளோபினின் இரும்பைப் பிடிப்பது கார்பன் முனையால்தான், அங்கிருக்கும் தனித்த இரட்டையைக் கொடுத்து. நச்சாவதும் அதனால்தான். அப்புறம், நைட்ரஜன் மூலக்கூறு, சயனைடு அயனி இரண்டையும் வரையச் சொல்லுங்கள் அக்கா. அவையும் 10 எலக்ட்ரான்தான், அதே படம் வரும். சயனைடில் எதிர் மின்சுமைக்கு ஒன்று கூட்ட மறந்தால் 9-இல் நின்றுவிடும்.