மறுமொழி: பெட்டி சிதையாமல் உள்ளே பொருள் உடைந்தால் என்ன பெயர்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

> ‘உட்சேதம்’ என்பதே போதுமே. புதிய சொல் எதற்கு?

போதாது, ஐயா. பார்சலில் வந்த ஓர் ஒலிபெருக்கியை எடுத்துக்கொள்வோம். லாரியிலிருந்து இறக்கும்போது பெட்டி ‘தொப்’பென்று விழுகிறது. அட்டையின் மூலைகூட நசுங்கவில்லை. ஆனால் உள்ளே, பசையால் ஒட்டப்பட்ட ஃபெரைட் காந்தம் பிடிப்பு விட்டு மயிரிழை நகர்ந்துவிடுகிறது. காந்த இடைவெளிக்குள் தடையின்றி அசைய வேண்டிய கம்பிச்சுருள் இரும்பில் உரசுகிறது. சில வேளை அசையாமலே சிக்கிக்கொள்கிறது. வாங்கியவர் பெட்டியைச் சுற்றிப் பார்த்து, நல்ல நிலையில் பெற்றதாகக் கையெழுத்திடுகிறார். மாலையில் பாட்டு வைக்கும்போதுதான் கரகரப்பு கேட்கிறது. வால்வு ஆம்ப்ளிஃபயரிலும் இதே கதைதான். டிரான்ஸ்ஃபார்மரின் எடையே அதைத் தாங்கும் தகட்டை வளைத்துவிடும். வெளியே கீறல் இருக்காது.

பெட்டி நசுங்கி உள்ளே உடைந்தாலும் அது உட்சேதம்தான். சேதம் எங்கே என்பதை மட்டும் அந்தச் சொல் சொல்கிறது. நமக்கு வேண்டியது, ஒப்படைக்கும்போது கண்ணுக்குத் தெரிந்ததா என்பது. சட்டம் கோடு கிழிப்பதும் அங்கேதான். 1924ஆம் ஆண்டின் ஹேக் கடல்வழி விதிகளில், வெளியே தெரியும் சேதத்தைச் சரக்கை எடுத்துக்கொள்ளும்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரியாத சேதத்துக்கு 3 நாள் அவகாசம். ஐரோப்பியச் சாலைப் போக்குவரத்துக்கான 1956ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தத்தில் இரண்டாம் வகைக்கு 7 நாள், ஞாயிறும் பொது விடுமுறையும் நீங்கலாக. இரண்டு வகை இருக்கும்போது இரண்டு பெயர் வேண்டாமா?

என் பரிந்துரை: வெளிச்சேதம், மறைசேதம்.

‘மறைச்சேதம்’ என்று ஒற்று மிகுத்து எழுதிவிடாதீர்கள். ‘மறைசேதம்’ வினைத்தொகை, சுடுசோறு, ஊறுகாய் போல வல்லினம் மிகாது. ஒற்றுச் சேர்த்தால் ‘மறை’ பெயர்ச்சொல்லாகி, வேதத்துக்கு வந்த சேதமாகிவிடும். வழியில் நேர்ந்ததையும் காட்ட ‘வழிமறைசேதம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்தால் யாரோ வழிமறித்தது போல இருக்கிறது. ‘சேதம்’ வடசொல் என்பதால் ‘மறையூறு’ என்றார் இன்னொருவர். வேகமாகப் படித்தால் சந்தன மரத்துக்குப் பேர்போன மறையூர்தான் நினைவுக்கு வருகிறது. பயிர்ச்சேதம், வெள்ளச்சேதம் என்று நாளிதழ் படிக்கும் எவருக்கும் ‘சேதம்’ விளங்கும். இழப்பீடு கேட்டு நிற்பவருக்கு முதலில் விளங்க வேண்டும். தூய்மை அதற்குப் பிறகுதான்.

இதனோடு குழப்பக் கூடாத இரண்டு சொற்கள் உண்டு. இழப்பீட்டை மறுப்பவர்கள் அவற்றைத்தான் கையில் எடுக்கிறார்கள். பொருளின் இயல்பிலேயே இருக்கும் கேடு ‘உள்ளார்ந்த குறை’. அனுப்பியவர் சரியாகப் பொதியாதது ‘பொதிவுக் குறை’. காப்பீட்டு ஒப்பந்தங்கள் பொதுவாக இவ்விரண்டையும் விலக்கிவைக்கின்றன. இசைத்தட்டுச் சுழலியின் ஊசிக்கையைக் கட்டாமல், கனமான சுழல்தட்டைக் கழற்றித் தனியே சுற்றாமல் அனுப்பினால், அது பொதிவுக் குறைதான். முறையாகக் கட்டி, பெட்டிக்குள் பெட்டி வைத்து, இடையே மெத்தென்று நிரப்பியும் உடைந்திருந்தால் அது மறைசேதம். ‘பெட்டி நன்றாக இருக்கிறது, ஆகவே கட்டியதில்தான் தவறு’ என்று கூரியர் தரப்பு சொல்லும் வாதம் எனக்குக் கோபத்தை உண்டாக்குகிறது. பெட்டி நன்றாக இருப்பதுதானே மறைசேதத்தின் இலக்கணம்!

சொல் சுருக்கமாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது, ரசீதில் அதற்குக் கிடைக்கும் இடம் இரண்டு விரற்கடை என்பதால்தான். பெரும்பாலும் பிரித்துப் பார்க்கவிடாமலே கையெழுத்து வாங்குகிறார்கள். ‘பிரித்துப் பார்க்கவில்லை, மறைசேதம் இருந்தால் இழப்பீடு கோருவேன்’ என்று எழுதிவிட்டு ஒப்பமிடலாம். அந்த வரி மட்டுமே இழப்பீடு வாங்கித் தராது. ஆனால் ‘நல்ல நிலையில் பெற்றேன்’ என்பது நமக்கு எதிரான சாட்சியாவதைத் தடுக்கும். இந்தியாவின் 2007ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி, வழக்குத் தொடுக்கும் முன் எழுத்து அறிவிப்பு கொடுக்க, சரக்கை அனுப்பப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாள் உண்டு. அதை நம்பி அட்டையையும் திணிப்பையும் குப்பையில் போட்டுவிடக் கூடாது. சேதத்தை ஆய்வு செய்ய வருபவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

அகராதிப் பதிவுக்கு நான் முன்வைக்கும் வரையறை:

மறைசேதம் (பெயர்): அனுப்பும் வழியில் நேர்ந்து, ஒப்படைக்கும்போது பொதியின் வெளித்தோற்றத்தில் புலப்படாமல், பிரித்தபின் அல்லது இயக்கியபின் தெரியவரும் சேதம். எதிர்ச்சொல்: வெளிச்சேதம்.

‘இயக்கியபின்’ என்பதை நீக்கச் சொல்லாதீர்கள். ஒலிக்கருவிகளுக்கு அது இன்றியமையாதது.