காட்சிக்கு வண்டியும் கொடுத்து 120 வெள்ளியும் கொடுக்க வேண்டுமா?

மைனர் மணியம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் 1959ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. நாலு கதவு, 948 சிசி, வெளிர் பச்சை. அப்பா இங்கே சிங்கப்பூரில், செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். 1971இல் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டியபோது அவருடைய துரை ஏறக்குறையச் சும்மா மாதிரி கொடுத்துவிட்டுப் போன வண்டி. அப்பா அதை ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம். இப்போது துடைப்பது என் முறை.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் சாங்கிப் பக்கம் ஒரு மண்டபத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாள் பழைய வண்டிக் காட்சி வைக்கிறார்கள். படிவம் வந்திருக்கிறது. வண்டிக்கு 120 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், வரி தனியாம். இந்த மாதக் கடைசிக்குள் பதிந்தால் 95. வராவிட்டால் பணம் திரும்பக் கிடைக்காது. பார்க்க வருகிறவர்களுக்கும் நுழைவுச்சீட்டு 12 வெள்ளி.

கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரரிடமே மொய் வாங்குவார்களா? ஜனம் வருவது வண்டியைப் பார்க்க. வண்டி நம்முடையது. சீட்டுப் பணம் அவர்களுக்கு. அதற்கு மேல் நாமும் கட்ட வேண்டும் என்றால் எந்த ஊர் நியாயம்?

120 வெள்ளியோடு போவதும் இல்லை. கிளாசிக் திட்டத்தில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். 35 வயது தாண்டிய வண்டிகளுக்கான அந்தத் திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். முதல் 28 நாள் போக, மிச்சம் 17 நாளுக்கு நாளொன்றுக்கு 20 வெள்ளி கட்டி அனுமதி எடுக்க வேண்டும். இந்தக் காட்சிக்கு வெள்ளிக்கிழமை மாலை வண்டியை உள்ளே விட வேண்டும், ஞாயிறு இரவு 10 மணிக்கு முன்னால் வெளியே எடுக்கக் கூடாது. ஆக இரண்டு நாள் போச்சு. அறுபது வண்டிக்கு ஒரே ஒரு உருட்டுக் கதவு. வரிசையில் நின்று நள்ளிரவு தாண்டிவிட்டால் மூன்றாவது நாளும் கணக்கில் ஏறும். எனக்கு ஒரு நாள் என்பது பேரப்பிள்ளைகளோடு ஈஸ்ட் கோஸ்ட் போய் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டோ லாரியில் ஏற்றலாம் என்று விசாரித்தேன். போக வர 180 கேட்டார். வேண்டாம் சாமி.

இன்னொன்று. சில வருஷங்களுக்கு முன் வேறொரு காட்சிக்கு 60 வெள்ளி கட்டிக் கொண்டுபோனேன். யாரோ ஒரு தம்பி பொனெட்டின் மேல் ஐஸ் கச்சாங் கிண்ணத்தை வைத்துப் படம் எடுத்திருக்கிறான். சிவப்புச் சாயம் ஓரத்து வெடிப்பில் இறங்கிவிட்டது. ஏற்பாட்டாளரிடம் போய்ச் சொன்னால் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்: "வாகன உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்." அப்புறம் அந்த 60 வெள்ளி எதற்கு?

நீங்கள் எல்லாம் எவ்வளவு கட்டுகிறீர்கள்? என்ன பார்த்துக் கட்டுகிறீர்கள்?

---

தோபாயோ கணக்கர்:

மணியம் அண்ணே, நியாய அநியாயத்தை மற்றவர்கள் சொல்லட்டும். அந்த "வரி தனி" என்ற வார்த்தைதான் என் கண்ணில் படுகிறது. இங்கே பொதுமக்களுக்கு விலை சொல்கிற யாரும், அவர் வரிக்குப் பதிந்தவர் என்றால், பொருள் சேவை வரியையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். 120 என்று போட்டுவிட்டு அப்புறம் 9 விழுக்காடு கூட்டி 130.80 கேட்பது முறையில்லை.

அதைவிட முக்கியம், அவர்கள் பதிந்தவர்கள்தானா? ஆண்டு விற்றுமுதல் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவது கட்டாயம். வருஷத்துக்கு ஒரு காட்சி வைக்கிற சின்னக் குழு பெரும்பாலும் அந்தப் பக்கமே போயிருக்காது. பதியாதவர் வரி என்று சொல்லி ஒரு காசு வாங்கினாலும் குற்றம். விலைப்பட்டியலில் வரிப் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்ட மறுநாளே பல இடங்களில் அந்த "வரி தனி" காணாமல் போய்விடும், அனுபவத்தில் சொல்கிறேன்.

---

முன்னாள் தொண்டூழியர்:

வணக்கம் ஐயா. நான் வண்டிக்காரன் இல்லை. மூன்று காட்சிகளில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வண்டிகளை வரிசைப்படுத்தியவன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கொஞ்சம் சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

மண்டபத்துக்காரர் இரண்டு நாள் வாடகை வாங்குவதில்லை. தரைவிரிப்புப் போடும் நாள், பிரிக்கும் இரவு எல்லாம் சேர்த்துத்தான் வாங்குவார். இரவுக் காவல், தடுப்புக் கயிறு, பொதுப் பொறுப்புக் காப்பீடு, ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் எண்ணெய்த் தட்டு. நுழைவுச்சீட்டு எத்தனை விற்கும் என்பது ஞாயிற்றுக்கிழமை மாலைதான் தெரியும். வாடகையை இரண்டு மாதம் முன்னாலேயே கட்ட வேண்டும். வண்டிக் கட்டணம் அந்த இடைவெளிக்குத்தான்.

நீங்கள் கேட்காத ஒரு காரணமும் உண்டு. இலவசம் என்று ஒரு முறை வைத்துப் பார்த்தோம். எண்பது பேர் பெயர் கொடுத்தார்கள், சனிக்கிழமை காலை மழை தூறியது, நாற்பதுக்கும் குறைவாகத்தான் வந்தார்கள். பாதி மண்டபம் வெறும் தரைவிரிப்பு. சீட்டு வாங்கி வந்தவர்கள் எங்களைத்தான் திட்டினார்கள். 10 வெள்ளியாவது கட்டியவர் வருவார்.

ஆனால் அதற்கு 120 வேண்டியதில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். 50 வெள்ளி முன்பணம் வாங்கி, வண்டி வந்து நின்றதும் திருப்பிக் கொடுத்தால் அதே வேலை நடக்கும். நான் கடைசியாக உதவிய காட்சியில் அப்படித்தான் செய்தோம்.

ஒன்று மறந்துவிட்டேன். மண்டபத்துக்குள் என்பதால் தொட்டியில் பெட்ரோல் கால்வாசிக்குக் கீழே இருக்க வேண்டும், பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும் என்பார்கள். படிவத்தின் எங்காவது ஒரு மூலையில் இருக்கும், பாருங்கள்.

---

வெஸ்பா விமலா:

அங்கிள், கால்வாசி என்றதும் சிரிப்பு வந்துவிட்டது. போன வருஷம் மலேசியப் பக்கம் ஜோகூர் பாருவில் ஸ்கூட்டர் கூட்டத்துக்குப் போனோம். கடற்பாலம் தாண்டத் தொட்டியை முக்காலுக்கு மேல் நிரப்பிக்கொண்டு போனோம். அதற்கு மறுவாரம் இங்கே மண்டபக் காட்சி. கால்வாசிக்குக் கீழே. என் வீட்டுக்காரர் குழாய் போட்டு உறிஞ்சி அண்டை வீட்டுக் காருக்கு ஊற்றினார்.

கட்டணத்துக்கு வருகிறேன். இரண்டு சக்கரத்துக்குப் பாதி விலை என்பார்கள், அதிலும் பேரம் உண்டு. நாங்கள் ஆறு ஸ்கூட்டரைச் சேர்த்து ஒரே பதிவாகக் கொடுத்தோம். ஒரு கார் நிற்கும் கட்டத்தில் ஆறும் நின்றன. ஆறு பேருக்குச் சேர்த்து ஒரு காரின் காசு. தனியாகப் போய் நிற்காதீர்கள், நாலு மைனர்க்காரரைச் சேர்த்துக்கொண்டு போய்க் கேளுங்கள். ஏற்பாட்டாளருக்கு ஒரே ரக வண்டி வரிசையாக நின்றால் படம் நன்றாக வரும், அதற்காகவே இறங்கி வருவார்.

---

மைனர் மணியம்:

விமலா, இந்த ஊரில் ஓடுகிற நிலையில் இருக்கும் நாலு மைனரை நீ கண்டுபிடித்துக் கொடும்மா, நான் பணத்தையே கட்டிவிடுகிறேன். இருந்தாலும் கட்டம் என்று சொன்னாயே, அது நல்ல பாயிண்ட். இங்கே வாகன நிறுத்தக் கட்டம் 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். என் வண்டி நாலு மீட்டர்கூட இல்லை. அதே வருஷத்து, 1959ஆம் ஆண்டு கேடிலாக் 5.7 மீட்டர், பின்னால் மீன் துடுப்பு மாதிரி இரண்டு. போன காட்சியில் அப்படி ஒன்று என் பக்கத்தில் நின்றது. அவருக்கு ஒரு கட்டம் போதவில்லை, காசு மட்டும் எனக்கும் அவருக்கும் ஒன்று.

தொண்டூழியர் தம்பி, உங்கள் மேல் கோபமே இல்லை. நீங்கள் சொன்ன செலவெல்லாம் புரிகிறது. படிவத்தில் ஒரு வரி அப்படி எழுதியிருந்தால் இவ்வளவு தூரம் புலம்பியிருக்க மாட்டேன். ஆனால் பேட்டரி வயர் விஷயம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தேடிப் பார்த்தேன், இருக்கிறது, மூன்றாம் பக்கத்தில்.

ஏன் என்று சொல்கிறேன். 1961க்கு முந்தைய மைனரில் திரும்பும் விளக்கு மினுக்காது. முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவே தூணுக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை எழும்பி நிற்கும், உள்ளே ஆரஞ்சு வெளிச்சம். நாங்கள் கைகாட்டி என்போம். பிள்ளைகள் பெயிண்டையும் குரோமையும் பார்க்கவே மாட்டார்கள், அந்தக் கைதான். "தாத்தா இன்னொரு தடவை" என்று அரை மணி நேரம் நிற்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டால் கை எழும்பாது. ஊமை வண்டியை நிறுத்த 120 வெள்ளியா?

---

ஹூஸ்டன் சேகர்:

மணியம் அண்ணன், நான் ஹூஸ்டனில் பதினோரு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். அங்கே ஒரு பழைய ஃபோர்டு பிக்கப் வைத்திருந்தேன். அமெரிக்காவில் வண்டிக்காரர் பணம் கட்டுவது சாதாரணம், யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை. ஆனால் கணக்கு வேறு.

தேவாலயத்து நிறுத்துமிடத்திலோ பள்ளிக்கூட மைதானத்திலோ சனிக்கிழமை காலை நடக்கும். முன்கூட்டிப் பதிந்தால் 20 டாலர், அன்றைக்கே வந்து கட்டினால் 25. டேஷ்போர்டில் ஒட்ட ஒரு சின்ன உலோகத் தகடு தருவார்கள், ஒரு பையில் மெழுகு, துணி, கூப்பன். பார்க்க வருகிறவர்கள் சும்மா வரலாம். மிச்சப் பணம் பள்ளி வாத்தியக் குழுவுக்கோ உணவு வங்கிக்கோ போகும். பார்வையாளர் கட்டவில்லை, அதனால் வண்டிக்காரர் கட்டுகிறார். அவ்வளவுதான்.

பெரிய சங்கங்களில் கட்டணத்துக்கு வேறொன்று கிடைக்கும். 1935இல் தொடங்கிய அமெரிக்கப் பழங்கால வாகனச் சங்கத்தின் கூட்டங்களில் 25 வயது தாண்டிய வண்டிகளை 400 புள்ளிக்கு மதிப்பிடுவார்கள். தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி இருக்க வேண்டும். தப்பான கிளிப், தப்பான குழாய், எல்லாவற்றுக்கும் புள்ளி போகும். விவரம் தெரிந்த ஆட்கள் குனிந்து, படுத்துப் பார்த்து எழுதுவார்கள். அதற்குக் காசு கொடுக்கலாம்.

இன்னும் மேலே பெப்பிள் பீச். 1950இலிருந்து கலிஃபோர்னியாவில் கோல்ஃப் புல்வெளியில் நடப்பது. அங்கே நான் பணம் கட்டுகிறேன் என்று போய் நிற்க முடியாது, தேர்வுக் குழு அழைத்தால்தான் உண்டு.

என் கருத்து, வாசலில் சீட்டு விற்கிறார்கள் என்றால் வண்டிக்காரர் விருந்தாளி. விற்கவில்லை என்றால் பங்காளி. இரண்டு பக்கமும் வாங்குகிறவர் கணக்கைத் திறந்து காட்ட வேண்டும், அல்லது காப்பீடு, தடுப்புக் கயிறு, சாப்பாட்டுச் சீட்டு என்று கையில் ஏதாவது கொடுக்க வேண்டும். உங்கள் படிவத்தில் இவை ஏதும் இருக்கிறதா?

---

மைனர் மணியம்:

சேகர் கேட்டதை அப்படியே எடுத்து, கணக்கர் தம்பி சொன்னதையும் சேர்த்து, ஏற்பாட்டாளருக்கு ஒரு கடிதம் போட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது, ஒரு பெண்பிள்ளை பொறுமையாக எழுதியிருந்தார்.

வரி கிடையாதாம், படிவத்தில் பழைய வாசகம் தங்கிவிட்டதாம். (கணக்கரே, காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.) வண்டியைச் சுற்றி இடுப்பளவு தடுப்புக் கயிறு உண்டு, தின்பண்டம் அந்தப் பக்கம் வரக் கூடாது என்று பலகை வைப்பார்கள். கீறல் விழுந்தால் அவர்கள் காப்பீடு பொறுப்பேற்குமா என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. சரி, என் காப்பீட்டுக்காரரிடமே காட்சியில் நிற்கும்போதும் செல்லுமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன். செல்லும் என்றார்.

வெளியேறுவதுதான் பெரிய வெற்றி. உருட்டுக் கதவுக்குப் பக்கத்து வரிசையில் இடம் தருகிறார்கள், காட்சி 8 மணிக்கு முடிந்ததும் முதல் ஆளாக எடுக்கலாம். சிலேத்தார் விரைவுச்சாலையில் இடது ஓரமாக உருட்டிக்கொண்டு வந்தாலும் 10 மணிக்குள் ஈசூன் வந்துவிடுவேன். மூன்றாவது நாள் தப்பித்தது. முன்கூட்டிப் பதிவுக் கட்டணம் 95ஐக் கட்டிவிட்டேன். மனசார என்று சொல்ல மாட்டேன்.

பேட்டரியில் மட்டும் அவர் மசியவில்லை, மண்டபத்து விதி என்றார். அதனால் ஒரு வேலை செய்கிறேன். என் அலமாரியில் உபரியாக ஒரு கைகாட்டி கிடக்கிறது. அதை ஒரு தேக்குப் பலகையில் பூட்டி, சின்ன 12 வோல்ட் பேட்டரியும் ஒரு சுவிட்சும் வைத்து வண்டிக்கு முன்னால் மேசையில் வைக்கப் போகிறேன். பிள்ளைகளே அழுத்திப் பார்க்கட்டும். பலகை வண்டியில்லை, அதற்கு விதி இல்லை என்று அவரும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

ஒரே ஒரு சிக்கல். நேற்று இணைத்துப் பார்த்தால் கை எழும்புகிறது, வெளிச்சம் வரவில்லை. உள்ளே போகிற குழாய் பல்பு, இரண்டு முனையிலும் தொப்பி போட்டது, 12 வோல்ட் 3 வாட். சுங்கை காடுட்டில் இரண்டு கடை ஏறி இறங்கிவிட்டேன், 5 வாட்தான் இருக்கிறது, அது கைகாட்டியின் ஆரஞ்சு மூடியை உருக்கிவிடும். யாரிடமாவது ஒன்று இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். பஸ்ஸில்தான் வருவேன், வண்டியின் 45 நாளில் ஒன்றை வீணாக்க மாட்டேன்.