சென்னை சிட்டி கப்பு அடிச்ச சீசன்: நேர்ல பார்த்தவங்க சொல்லுங்க

கிருஷ்ணகிரியான்:
2018-19 ஐ-லீக் கால்பந்து. டீம் பேருதான் சென்னை சிட்டி, அப்ப ஆடினது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துல. எங்க ஊர்ல ரயிலே கிடையாது, சேலம் போய் பஸ் மாறணும். ஆனாலும் மார்ச் 9 கடைசி மேட்ச்சை விட மனசு வரல. ரெண்டாவதா இருந்த கொல்கத்தா டீம் ஈஸ்ட் பெங்காலை விட ஒரே பாயிண்ட் முன்னாடி. அவங்க அதே நேரத்துல கோழிக்கோட்டுல கோகுலம் டீமோட ஆடுறாங்க. இங்க மூணாவது நிமிஷமே எதிர் டீம் மினர்வா பஞ்சாப் கோல் போட்டுட்டான்! முந்தின சீசன் சாம்பியன் வேற. இடைவேளையில ஒருத்தரும் டீ வாங்கக்கூட எழுந்திருக்கல, எல்லார் கையிலயும் போன், கோழிக்கோட்டு ஸ்கோர்.

அப்புறம் நம்ம மான்சி பெனால்டில கோல். அதுக்கப்புறம் ரெண்டு கோலும் டிஃபென்டர் கௌரவ் போரா. கோல் அடிக்க மான்சியையும் நெஸ்டரையும் நம்பி உட்கார்ந்திருந்தோம், முடிச்சு வச்சது அவரு. 3-1. அங்க ஈஸ்ட் பெங்காலும் ஜெயிச்சுட்டாங்க, அதனால பாயிண்ட் 43-க்கு 42. பக்கத்துல இருந்த பெரியவர் "கண்ணு, கப்பு நம்முளுதுங்"னு என் தோளைப் பிடிச்சு உலுக்குனதுல சட்டை பட்டன் போச்சு.

தர்மபுரி பாய்ஸ்:
அண்ணா, கொடுத்து வச்சவர் நீங்க. நான் குர்லா எக்ஸ்பிரஸ்ல போய் நடுவுல ஒரு மேட்ச்தான் பார்த்தேன். மான்சி 21 கோல்னு எல்லாரும் பேசுவாங்க. என் கண்ணு நம்ம டீம் எட்வின் மேலதான். பந்து கால்ல வந்தா பதறவே மாட்டாப்ல. அக்பர் நவாஸ் கோச்சிங்ல கீப்பர்லேருந்தே சின்னச் சின்ன பாஸா கட்டிட்டு வருவாங்க. நம்மூரு டோர்னமென்ட்ல அப்படி ஆடினா "தூக்கி அடிடா"ன்னு வெளியிலேருந்து கத்துவாங்க. மறுநாள் ஊர்ல சொன்னா, "சென்னையின் எஃப்.சி.தானே?"ன்னு கேக்குறாங்க. அது ஐ.எஸ்.எல்.னு வேற லீக்ல ஆடுற டீம்யான்னு விளக்கிச் சொல்லியே தொண்டை காஞ்சுது.

ஓசூர் வாசி:
எனக்கு வேலை பெங்களூருல. அடுத்த வாரமே பெங்களூரு எஃப்.சி. ஐ.எஸ்.எல். கப்பு ஜெயிச்சுட்டாங்க. ஆபீஸ்ல ஒரே அலட்டல், "உங்களுது ரெண்டாம் தர லீக்"னு. ஏப்ரல்ல, ரெண்டு லீக் டீமும் மோதுற சூப்பர் கப் கால் இறுதியில அதே பெங்களூருவை சென்னை சிட்டி 2-1 அடிச்சாங்க பாருங்க, மறுநாள் நான் சீக்கிரமாவே ஆபீஸ் போயிட்டேன். அரையிறுதியில எஃப்.சி. கோவாகிட்ட தோத்த கதையை மட்டும் யாரும் கிளறாதீங்க.