சிம்கோல்ஃபில் மூன்றாவது ஹோலில் கூட்டம் நெரிகிறது, கோல்ஃப்டோபியாவுக்கு மாறலாமா?

ராத்திரிப்பறவை:

எல்லாருக்கும் வணக்கம். மாமா வீட்டில் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய கணினி ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. விடுமுறைக்குப் போனவன் அதில் கோல்ஃப் மைதானம் கட்டி நடத்துகிற விளையாட்டான சிட் மையரின் சிம்கோல்ஃப் இருப்பதைப் பார்த்து உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. கோல்ஃப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. டிவியில் கைதட்டுவதைக்கூட மெதுவாகத் தட்டுவார்கள், அவ்வளவுதான் தெரியும். ரோலர்கோஸ்டர் டைகூன் ஆடி வளர்ந்தவன் என்பதால் கட்டுவது, பணம் பார்ப்பது, ஆள் வைப்பது எல்லாம் பிடிபட்டுவிட்டது.

சிக்கல் என்னவென்றால், மூன்றாவது ஹோலை, அதாவது பந்தைக் குழியில் போட்டு முடிக்கிற மூன்றாவது தடத்தை, சின்னதாக, பார் 3 ஆக (மூன்று அடியில் முடிக்க வேண்டியதாக) வைத்திருக்கிறேன். சுற்றிலும் தண்ணீர், நடுவில் கிரீன், அதாவது குழி இருக்கிற புல்தரை. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் வருகிறவர்கள் பாதிப் பேர் பந்தைக் குளத்தில் போடுகிறார்கள். பின்னால் வருகிறவர்கள் டீ (முதல் அடி அடிக்கும் இடம்) பக்கத்தில் நின்றுகொண்டு முகம் சிவக்கக் காத்திருக்கிறார்கள். நாலாவது ஹோல் ஈயாடுகிறது. வருமானம் இறங்கிக்கொண்டே போகிறது. ஆட்டக்காரர்களை வேகப்படுத்தும் ஊழியர்களான மார்ஷல்களைக் கூட்டிப் பார்த்தேன், சம்பளம்தான் கூடியது.

அப்புறம் இன்னொன்று. ஊர் திரும்பியதும் என் லேப்டாப்பில் ஆட இதே மாதிரி மைதானம் கட்டும் கோல்ஃப்டோபியா வாங்கலாமா? பிஜிஏ டூர் 2கே விளையாட்டிலும் மைதானம் கட்டலாம் என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

பழையடிஸ்க்:

முதலில் அந்தக் கணினியை யாரும் தூக்கிப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2002 ஜனவரியில் வந்த விளையாட்டு அது. ஃபிராக்ஸிஸ் செய்தது, வெளியிட்டது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் தேடாதீர்கள், கிடைக்காது. டிஸ்க் இருந்தாலும் விண்டோஸ் 10இல் போட்டால் ஓடாது, ஏனென்றால் அதில் சேஃப்டிஸ்க் என்ற திருட்டுத் தடுப்பு இருக்கிறது. அதற்கு வேண்டிய டிரைவர் மென்பொருளைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி 2015இல் மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியவன் டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்க வேண்டியதுதான். மாமாவிடம் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளுங்கள்.

நிலஅளவை:

தம்பி, மார்ஷலைக் கூட்டுவதால் இது தீராது. உங்கள் வினை அந்த ஹோல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில் இருக்கிறது.

எனக்கு மனைப்பிரிவு வரைபடம் போடுவது தொழில். எந்தத் தெருவில் வண்டி நிற்கும், எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்று பார்த்துப் பார்த்துக் கண் பழகிப்போய்விட்டது. அதே கண்ணோடுதான் இந்த விளையாட்டையும் பார்க்கிறேன். ஒரு பார் 4 ஹோலில் முன்னால் போகிற குழு இரண்டாவது அடியை அடித்துவிட்டு நகர்ந்ததும் பின்னால் வரும் குழு டீயிலிருந்து அடிக்கலாம். ஆக ஒரே நேரத்தில் இரண்டு குழுக்கள் ஒரு ஹோலுக்குள் இருக்கும். பார் 5 என்றால் இன்னும் தாராளம். பார் 3இல் அந்தப் பேச்சே கிடையாது. முன்னால் இருப்பவர்கள் கிரீனை விட்டு இறங்கும்வரை பின்னால் இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நிஜ மைதானத்தில் எட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு குழுவை அனுப்புவார்கள். அந்த இடைவெளி கலைந்து சீராவதற்குள் பார் 3 வந்துவிட்டால் அங்கேயே அடைத்துக்கொள்ளும். அதனால்தான் முதல் ஹோலையோ இரண்டாவதையோ பார் 3 ஆக வைக்க வடிவமைப்பாளர்கள் தயங்குவார்கள். உங்களுடையது மூன்றாவது, அதிலும் சுற்றிலும் தண்ணீர். ஒருவன் தண்ணீரில் போட்டால் தண்டனை அடி, மறுபடி ஓர் அடி, அதுவும் தண்ணீரில் போனால் இன்னொன்று. வாசலில் கேட்டைப் பூட்டிவிட்டு வியாபாரம் நடக்கவில்லை என்கிறீர்கள்.

நீங்கள் கட்டியிருப்பதற்கு மூலம் அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் இருக்கிறது. டிபிசி சாகிராஸ் மைதானத்தின் 17ஆவது ஹோல். 137 யார்டு தூரம், தீவு மாதிரி கிரீன். அதைத் திட்டம் போட்டுத் தீவாக்கவில்லை. பீட் டை அந்த மைதானத்தைக் கட்டும்போது அந்த இடத்தில் நல்ல மணல் கிடைத்ததால் மற்ற ஹோல்களுக்கு அங்கிருந்தே தோண்டி எடுத்தார்கள். கடைசியில் கிரீன் வர வேண்டிய இடத்தைச் சுற்றிப் பெரிய பள்ளம் நின்றது. அவர் மனைவி ஆலிஸ் டை, அவரும் மைதான வடிவமைப்பாளர், 'இதைத் தண்ணீர் சூழ்ந்த கிரீனாகவே விட்டுவிடலாமே' என்றார். அவ்வளவுதான், உலகத்திலேயே அதிகம் படமெடுக்கப்படும் ஹோல்களில் ஒன்றாகிவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், அது 17ஆவது. ஆட்டம் முடியப்போகிற நேரம், முன்னே பின்னே ஆனாலும் அதற்கப்புறம் ஒரே ஒரு ஹோல்தான் பாக்கி. அங்கேயும் குளத்திலிருந்து ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பந்துகளை எடுக்கிறார்கள் என்பார்கள். அதைக் கொண்டுவந்து மூன்றாவதில் வைத்தால் மனிதன் எப்படி முகம் சிவக்காமல் இருப்பான்?

சரி, கோல்ஃப் தெரியாமல் இதை ரசிக்க முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டமாதிரிதான் இருக்கிறது. தாராளமாக ரசிக்கலாம். எனக்கும் கோல்ஃபை இந்த விளையாட்டுதான் கற்றுக்கொடுத்தது. ஒரு ஹோலை அது எப்படி மதிப்பிடுகிறது என்று பாருங்கள்: தூரம், துல்லியம், கற்பனை. முதல் இரண்டும் யாருக்கும் புரியும். மூன்றாவதில்தான் விஷயம். மரத்தைச் சுற்றிப் பந்தை வளைத்து அடிக்க வேண்டியிருக்கிறதா, இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறதா என்பதெல்லாம் அங்கே வரும். கஷ்டமான ஹோலுக்கும் நல்ல ஹோலுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிட நன்றாகச் சொன்ன நிர்வாக விளையாட்டை நான் பார்த்ததில்லை.

என் ஏழாவது ஹோலைச் சொல்கிறேன். பார் 4, பாதியில் வலப்பக்கம் திரும்புகிறது. திருப்பத்தின் உள்மூலையில் ஒரு குளம். தூரம் அடிப்பவன் குளத்துக்கு மேலேயே பறக்கவிட்டால் இரண்டாவது அடி சுருங்கிவிடும். தைரியம் இல்லாதவன் இடப்பக்கம் அகலமான ஃபேர்வேயில், அதாவது வெட்டிய புல்பாதையில், போட்டுவிட்டு மூன்றாவது அடியில் கிரீனில் ஏறலாம், நான்கில் முடிக்கலாம். இரண்டு விதமான ஆட்களும் அந்த ஹோலை முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டுதான் போகிறார்கள். ஒரு தடவை குளத்தைத் தூர்த்து அங்கே வெறும் புல் போட்டுப் பார்த்தேன். எல்லாரும் ஒரே கோட்டில் அடித்தார்கள். யாரும் திட்டவும் இல்லை, யாரும் மகிழவும் இல்லை. மறுபடி தோண்டிவிட்டேன்.

இதைத்தான் மைதான வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கன்ஸி அந்தக் காலத்திலேயே பிடித்து வைத்திருந்தார். கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸோடு சேர்ந்து அவர் வடிவமைத்த அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மைதானம் 1933இல் திறந்தபோது அங்கே இருந்த பங்கர்கள் (மணல் குழிகள்) வெறும் 22. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸில் 112 என்று கணக்கு. மெக்கன்ஸிக்கு அந்த செயின்ட் ஆண்ட்ரூஸ்மீது கொள்ளை ஆசை, அப்படியும் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு நிலத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்தே வேலையை முடித்தார். சாதாரண ஆட்டக்காரனும் சந்தோஷமாகச் சுற்றி வர வேண்டும், கெட்டிக்காரனுக்கும் சோதனை இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மனிதர் படித்தது மருத்துவம். போயர் போரில் எதிரிகள் பதுங்கு குழிகளை எப்படி மறைத்தார்கள் என்று கவனித்தவர், அந்த உருமறைப்பு வித்தையை அப்புறம் பங்கர் அமைப்பதில் காட்டினார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், விளையாட்டில் பங்கர் மலிவாகக் கிடைக்கிறதே என்று அள்ளிப் போடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். உங்கள் மற்ற ஹோல்களின் படத்தை நீங்கள் போடவில்லை, இருந்தாலும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

கோல்ஃப்டோபியா பற்றி. ஸ்பேஸ் பைரேட்ஸ் அண்ட் ஸோம்பீஸ் செய்த மின்மேக்ஸ் கேம்ஸின் விளையாட்டு. மண்ணை ஏற்றி இறக்குவது அருமை. ஆனால் பந்தைத் தள்ளும் காற்றாடி, தூக்கிவிடும் கருவி, இதற்கு நடுவில் களை படையெடுத்து வரும், அதைச் சுடுவதற்கு ஆயுதம் நட வேண்டும் என்று போகிறது. நான் மைதானம் கட்ட வந்தவன், காவல் காக்க வந்தவன் இல்லை. அதைவிடப் பெரிய குறை, ஆடுகிறவர்கள் மனதில் நிற்பதில்லை. சிம்கோல்ஃபில் அவர்கள் சிம்ஸ் பாஷையில் உளறிக்கொண்டு, தலைக்கு மேல் எழுத்தில் தங்கள் கதையைப் பேசிக்கொண்டு நடப்பார்கள். நான் காசைப் பார்க்க மறந்து அந்த வம்பைப் படித்துக்கொண்டிருந்த ராத்திரிகள் உண்டு.

பிஜிஏ டூர் 2கே வேறு ஜாதி. எச்பி ஸ்டூடியோஸ் முன்பு தி கோல்ஃப் கிளப் என்று ஒன்று செய்தார்கள், அதன் வாரிசு. அங்கே நீங்கள் மைதானத்தை வரைவீர்கள், நீங்களே ஆடுவீர்கள், மற்றவர்களும் ஆடுவார்கள். பணம், ஊழியர், வாடிக்கையாளர் எதுவும் கிடையாது. நிர்வாகம் வேண்டுமென்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வெள்ளவத்தைக்காரன்:

நிலஅளவை அண்ணை சொன்ன பார் 3 கதை முழுக்கச் சரி. ஆனால் கோல்ஃப்டோபியாவை அவர் கொஞ்சம் கூடுதலாகவே அடித்துவிட்டார்.

களை வருவதை நான் தொல்லையாகப் பார்க்கவில்லை. நிஜ மைதானத்திலும் செலவில் பெரும்பகுதி புல்லுக்குத்தானே போகிறது? கிரீனில் புல்லை மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டி வைத்திருப்பார்கள். அவ்வளவு கட்டையாக வெட்டின புல்லுக்கு நோய், பூஞ்சை, வெயில் எல்லாமே எதிரி. சிம்கோல்ஃபில் பராமரிப்பு ஆளை வைத்தால் அந்தக் கவலை அத்தோடு சரி. இங்கே கையில் ஆயுதம் தருகிறார்கள், வேடிக்கைதான், ஆனால் புல்லுக்காகச் சண்டை போடுகிற உணர்வாவது வருகிறது.

காற்றாடி கீற்றாடி எல்லாம் விசித்திரம் என்றால், எங்கட கொழும்புக்கு வந்து பாருங்கோ. ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப் 1879இல் தொடங்கினது. களனிவெளி ரயில் பாதை அந்த மைதானத்துக்குள்ளாலேயே போகுது. ரயில் வந்தால் நின்று, போனபிறகு அடிக்க வேண்டியதுதான். இதை யாராவது விளையாட்டில் வைத்தால் 'நம்பும்படியாக இல்லை' என்று விமர்சனம் எழுதுவார்கள்.

தம்பிக்கு என் ஆலோசனை: விலை குறைக்கும் நேரம் பார்த்து கோல்ஃப்டோபியாவை வாங்குங்கோ. லேப்டாப்பில் பிரச்சினையில்லாமல் ஓடக்கூடிய ஒன்று கையில் இருப்பது நல்லதுதானே. மாமா வீட்டுக்கு எத்தனை தரம் போவீர்கள்?

ராத்திரிப்பறவை:

எல்லாருக்கும் நன்றி. நிலஅளவை அண்ணா, பங்கர் விஷயத்தில் நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான், படம் போட வெட்கமாக இருக்கிறது.

ஆனால் அந்தத் தீவை இடிக்க மனசு வரவில்லை. பக்கத்தில் வீட்டு மனையெல்லாம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். இடிக்காமல் ஏதாவது வழி உண்டா?

நிலஅளவை:

இடிக்க வேண்டாம். இரண்டு வேலை செய்யுங்கள்.

ஒன்று, தண்ணீரை முழு வட்டமாக வைக்காதீர்கள். கிரீனுக்கு இடப்பக்கமும் முன்னாலும் தூர்த்து ஃபேர்வேயோடு சேர்த்துவிடுங்கள். வலப்பக்கமும் பின்பக்கமும் தண்ணீர் இருக்கட்டும். வலக்கை ஆட்டக்காரர்களில் சுமாராக ஆடுபவர்கள் அடிக்கும் பந்து பெரும்பாலும் வலப்பக்கம்தான் வளைந்து போகும், ஸ்லைஸ் என்பார்கள், அதனால் ஆபத்து இன்னும் உயிரோடுதான் இருக்கும். ஆனால் பயந்தவனுக்குக் கால் வைக்க ஓர் இடம் கிடைத்துவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் இன்னும் தீவு மாதிரியேதான் தெரியும், மெக்கன்ஸி ஆவி சந்தோஷப்படும்.

இரண்டு, அதற்கு முந்தைய ஹோலைப் பாருங்கள். அது சின்ன பார் 4 என்றால் ஆட்கள் வேகமாக வந்து குவிவார்கள். நீட்டி பார் 5 ஆக்குங்கள். அங்கே குழுக்கள் பரவி நின்றுவிடும், மூன்றாவதுக்கு ஒவ்வொன்றாகத்தான் வந்து சேரும். அப்படியும் கொஞ்சம் நெரிந்தால் அந்த டீ பக்கத்தில் ஒரு பெஞ்சும் ஒரு தின்பண்டக் கடையும் வையுங்கள். எப்படியும் நிற்கப்போகிறான், நிற்கிற நேரத்தில் வாங்கித் தின்னட்டும்.

மனையை இப்போதைக்கு அப்படியே விட்டுவைக்கலாம். வரிசை கலைகிறதா என்று முதலில் பாருங்கள். பங்கர்களில் பாதியை எடுத்த பிறகு படம் போடுங்கள், அப்போது மீதியைத் திட்டுகிறேன்.

பழையடிஸ்க்:

மாற்றுவதற்கு முன்னால் சேமித்து வையுங்கள். வேறு பெயரில்.